சூடு பார்க்கும் கை

அக்காவின் கைகளைப் பார்த்தாலே போதும், எங்கள் தெருவில் அடுத்து என்ன நிறத்துப் புடவை தறியில் ஏறப்போகிறது என்று தெரிந்துவிடும். அரக்கு என்றால் மணிக்கட்டு வரை அரக்கு. கிளிப்பச்சை என்றால் நகக்கண்ணெல்லாம் பச்சை. ஒரு நிறம் போய் இன்னொரு நிறம் ஏறுகிற நாட்களில் அது என்ன நிறம் என்று அவராலேயே சொல்ல முடியாது. அந்தக் கையை வைத்துத்தான் தெருவில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் ஜுரம் பார்த்தார்.

நான் ஐயம்பேட்டையிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு மருமகளாக வந்தது அறுபதுகளின் கடைசியில். எங்கள் வீட்டில் இரண்டு தறி. சுவரை ஒட்டிய அடுத்த வீடு அக்காவுடையது, அதன் பின்பக்கம் சாயப்பட்டறை. எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேச வராது. அக்காதான் முதல் நாளே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜுரம் ஒண்ணும் இல்ல, பயந்தான். ரெண்டு வாரத்துல எறங்கிடும்" என்றார். மாமியார்கூடச் சிரித்துவிட்டார்.

பட்டுக்குச் சாயம் போடுவது முழுக்கச் சூட்டு வேலை. தண்ணீர் ஆறினால் நிறம் ஏறாது. தளதளவென்று கொதிக்க விட்டால் நூல் கெட்டுப்போகும். நடுவில் ஒரு சூடு இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன், அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து விறகு தள்ளுவார். அக்கா சாயம் கொதிக்கும் கொப்பரையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பார்ப்பார். "ஒரு கட்டய இழு" என்பார். மாமா இழுப்பார். "தள்ளு" என்பார். தள்ளுவார். நூல்கட்டுகள் கோலில் தொங்கியபடி சாயத்துக்குள் புரண்டுகொண்டிருக்கும். அந்த வேலையில் இரண்டு பேருக்கும் வேறு பேச்சு இருக்காது.

"தண்ணி ஆறிடுச்சின்னா உள்ள ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம்மா" என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். "நூலு பாட்டுக்கு நூலு கெடக்கும், சாயம் பாட்டுக்கு சாயம் கெடக்கும். சூடு இருந்தாத்தான் உள்ள வேல நடக்குதுன்னு நம்பலாம்."

உடம்பையும் அவர் அப்படியேதான் படித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, நெற்றி, கழுத்து, வயிறு, உள்ளங்கால் என்று வரிசையாக வைத்துப் பார்ப்பார். "இது மேல் சூடு, சாயங்காலம் எறங்கிடும்" என்பார். அல்லது, "வயித்துல சூடு நிக்குது, இங்க நிக்காத, ஆஸ்பத்திரிக்குப் போ" என்பார். அவர் போ என்று சொன்ன குழந்தைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கும். இல்லை என்று சொன்னால் இருக்காது. நான் பார்த்தவரை அது தப்பியதில்லை.

ஒரு பங்குனித் திருவிழா நேரத்தில் எங்கள் தெரு நெசவாளி ஒருவர் ஜுரம் என்று தறியில் உட்கார மாட்டேன் என்றார். முதலாளி நம்பவில்லை. "சாயக்காரம்மா சொல்லட்டும், நான் வுட்டுட்றேன்" என்று அனுப்பிவைத்தார். வந்தவரின் நெற்றி உண்மையிலேயே சுட்டது. அக்கா நெற்றியில் கை வைத்தார், அப்புறம் கழுத்தின் பின்புறம் வைத்தார்.

"வெயில்ல எவ்ள நேரம் நின்னுக்கினு இருந்த?"

"நான் எங்கக்கா நின்னேன், பாயில படுத்துக்கினு இருந்தேன்."

"அப்ப உங்கூட்டுத் தகரக் கதவுதான் உன் நெத்தியில வந்து சாஞ்சிதா? இது வெளியருந்து வாங்கிக்கினு வந்த சூடுப்பா. உள்ளருந்து வர்றது வேற மாதிரி இருக்கும்."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா உடனே முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார்: "ஜுரந்தான், ஒரு நாள் வுடச் சொல்லு." சாமி பார்க்க ஆசைப்படுவதும் ஒரு ஜுரம்தானே என்று மாமாவிடம் சொன்னாராம்.

மாமா இதையெல்லாம் வைத்துக் கேலி செய்வார். "ஊருக்கே கை வெச்சிப் பாக்கறா. என் நெத்தியில ஒரு நாளு வெச்சிருக்காளா கேளு."

"உனக்கு நெத்தியில எங்க சூடு, எப்பவும் வாயிலதான்."

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சிரிப்பேன்.

என் தாய் எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே போய்விட்டாள். அதனால் முதல் பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பெண் குழந்தை. அந்தக் காலத்து வழக்கப்படி, முதலில் ஊறிய மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடச் சொன்னார்கள். அது கெட்ட பால், குழந்தைக்குச் செரிக்காது என்று எல்லோரும் நம்பினோம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். பிறகு பால் நன்றாகவே வந்தது, குழந்தையும் குடித்தாள். பேர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மழைக்காலம். ஒரு நாள் மத்தியானம் அவள் பால் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிடுவாள். அழவும் இல்லை. "சமத்துக் கொழந்த" என்றார் மாமியார். எனக்கு மட்டும் என்னவோ செய்தது. என் வீட்டுக்காரர் ஜட்கா வண்டி பிடித்து வாசலில் நிறுத்திவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாமா, அக்காவக் கேக்கலாமா?" என்றார். வண்டிக்காரர், அக்கா சொல்லட்டும் என்று குதிரைக்குப் புல் போட்டுவிட்டார்.

அக்கா பட்டறையிலிருந்து வந்தார். அன்று கையில் மாம்பழ மஞ்சள். கையைக் கழுவிக்கொண்டுதான் வந்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தையின் நெற்றியில் வைத்தார். வயிற்றில் வைத்தார். இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

"சூடே இல்லம்மா. சில்லுன்னு கூட இருக்குது. மழ ஈரம். துணிய நல்லா சுத்தி உன் வயித்தோட அணச்சிக்க. காலையில எப்பிடி கத்தப் போறா பாரு."

வண்டியை அனுப்பிவிட்டோம். எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இன்றும் சொல்ல முடியாது. நான் தூங்கிக்கூட விட்டேன். விடிந்தபோது குழந்தை இல்லை.

அக்காவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அப்போது குழந்தை தவறாத வீடு குறைவு. மாமியார், "கொடுத்து வெக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அக்காவைக் கேள்வி கேட்டது அக்கா மட்டும்தான்.

ஒரு மாதம் கழித்துத் தெருக்குழாயில் என் பக்கத்தில் குடத்தை வைத்தார்.

"அன்னிக்கு நான் கொப்பரையிலருந்து நேரா வந்தனா, கை கழுவிக்கினு வந்தனா?"

"கழுவிக்கினுதாங்கா வந்தீங்க."

"பச்சத் தண்ணியிலயா?"

"ஆமாக்கா."

"எவ்ள நேரம் ஆச்சி, கழுவினதுக்கும் தொட்டதுக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை சூடாவே இருந்திருக்கும்மா. சூடான கைக்கு எதத் தொட்டாலும் சில்லுன்னுதான் தெரியும். கொழந்தைக்கு ஜுரம் கொதிச்சிக்கினு இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியாமப் போச்சி."

அதன் பிறகு அவர் இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று சொல்ல முடியாது. தறிக்குப் பாவு நூல் உலர்த்தும்போது கேட்பார். கோயிலில் பிராகாரம் சுற்றும்போது, ஏதோ பேசிக்கொண்டே வந்தவர் நின்று கேட்பார். எப்போதும் அதே கேள்வி. நானும் அதே பதில் சொல்வேன். என்னிடம் மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் கையைப் பற்றித்தான்.

அத்தோடு ஜுரம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். யாராவது குழந்தையோடு வந்தால் கையைக் கொப்பரைப் பக்கமே வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்பார். எதிர்வீட்டுக்காரி ஒரு நாள், "இன்னாக்கா, கைக்கு லீவு வுட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். "லீவு இல்லடி, ரிட்டையர் ஆயிடுச்சி" என்றார். குரலில் வழக்கமான கேலி இருந்தது. முகத்தில் இல்லை.

எனக்கு அடுத்த குழந்தை பிறக்கும்போது அவர்தான் ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று மாமியாரிடம் சண்டை போட்டார். பையன். மாமியார் வழக்கம்போலச் சீம்பாலைக் கொட்டச் சொன்னபோது அங்கிருந்த நர்ஸ் ஒரு அதட்டு அதட்டினார். அதனால் அவனுக்கு அது கிடைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா உள்ளே வரவில்லை. தினமும் சன்னலுக்கு வெளியே தெருவில் நின்றபடி இரண்டே கேள்வி கேட்பார். "பால் குடிச்சானா? அழுதானா?" ஆமாம் என்றால் போய்விடுவார். குழந்தை யார் ஜாடை என்றுகூட எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை வேளையில் வந்து கேட்டார். "பால் குடிச்சானா?"

"இல்லக்கா. தூங்கிக்கினே இருக்கான்."

"எழுப்பிப் பாத்தியா?"

"எழுப்பினேன். கண்ணத் தெறந்துட்டு மூடிக்கினான்."

சன்னலில் அவர் முகம் அசையவில்லை. "நீங்க கொஞ்சம் வந்து தொட்டுப் பாருங்கக்கா" என்றேன்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "என் கை வேணாம்மா. நீ தொடு. எப்பிடி இருக்குது?"

நான் தொட்டேன். நெற்றி, வயிறு, பாதம், அவர் செய்வதைப் போலவே. "சூடு இல்லக்கா" என்றேன். சொன்னதும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "சில்லுன்னுதான் இருக்குது."

"கெளம்பு."

மாமியார் உள்ளிருந்து வந்தார். "ஜுரமே இல்லாத பச்சக் கொழந்தய வெயில்ல எங்க தூக்கிக்கினு போற?"

"அன்னிக்கு என் கைக்குத் தெரியல. இன்னிக்கு இவ கைக்குத் தெரியலன்னு வெச்சிக்கோங்க. பால் குடிக்கல இல்ல? அது போதும்."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "கொப்பரையில முகூர்த்தப் பட்டு கெடக்குதும்மே, நிறம் திட்டுத் திட்டாப் பூடும்."

"பூடட்டும்" என்றார் அக்கா. ஜட்காவில் என்னோடு ஏறிக்கொண்டார். வழியெல்லாம் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். குழந்தையை நான் மட்டும்தான் பிடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நடுவயது டாக்டர். ஜுரம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை வைத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஜுரம் எவ்ளங்க?" என்று அக்கா பின்னாலிருந்து கேட்டார்.

"ஜுரம் இல்லம்மா. இருக்க வேண்டிய அளவுக்கும் கீழ இருக்கு."

"அது சரியாப் பாக்குமா?"

"உங்க கைய விட சரியாப் பாக்கும்" என்று டாக்டர் சிரித்தார். அக்காவின் கையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. பிறகு நர்ஸிடம் ஊசி மருந்துக்குச் சொல்லிக்கொண்டே எங்களுக்கும் சொன்னார். "பெரியவங்களுக்குக் கிருமி போனா ஒடம்பு கொதிக்கும். பொறந்த கொழந்தைக்கு அப்படிக் கொதிக்கணும்னு இல்ல. ரத்தத்துல இருக்கற காவல் அணுவுக்கு இன்னும் அந்த பலம் வரல. சத்தம் போடாம சாஞ்சிடும். பால் குடிக்காது, சில்லுன்னு ஆயிடும். அதுதான் ஆபத்து. நல்ல வேளை, சூடு இல்லன்னு வீட்டுல வெச்சிக்காமக் கூட்டியாந்தீங்க."

குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா மெல்லச் சொன்னார்.

"அப்ப அன்னிக்கு என் கை சரியாத்தான் சொல்லியிருக்குது."

அவருக்கு இது ஆறுதல் என்று நினைத்து, "ஆமாக்கா" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் கொப்பரைத் தண்ணீரின் சூட்டைக் குற்றம் சொல்லிக்கொள்ள ஒரு இடம் இருந்தது. கை ஏமாந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அந்த இடமும் போய்விட்டது.

"சில்லுன்னு தெரிஞ்சிதே. ரெண்டு காலும் என் கையிலயே இருந்துச்சே. அதப் புடிச்சிக்கினே ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். வண்டி வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சி."

"யாருக்குத்தாங்கா தெரியும்."

"தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். கையைப் பற்றிய கேள்வியை அதன் பிறகு அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாலே தேவலை என்று எனக்குத் தோன்றும்.

பையன் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த அன்று அவன் போட்ட கூச்சலில் தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

அக்கா அதன் பிறகு கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டு வாசலிலும் போய் நிற்க ஆரம்பித்தார். எங்கள் தெரு மட்டுமில்லை, செவிலிமேடு வரை போவார். "பால் குடிக்குதா? சில்லுன்னு இருந்தா வெச்சிக்காத." அவ்வளவுதான் பேச்சு. முன்பு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி வந்த தெரு இது. இப்போது அவர் வருவதைப் பார்த்துச் சில வீடுகளில் தொட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். "அந்தம்மா வந்து நின்னாலே பயமா இருக்குது, கண்ணு பட்டுடும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அவங்க கேட்டதாலதான் எம்புள்ள இருக்கான்" என்று நான் சொல்வேன். என் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அக்கா எல்லாவற்றையும் பார்த்தார். போவதை மட்டும் நிறுத்தவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பேத்திக்குக் குழந்தை பிறந்தது. அதற்கும் கிருமி தாக்கிச் சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சின்ன வயது லேடி டாக்டர். "பொறந்த கொழந்தைக்கு அணுவுல பலம் இருக்காது இல்லம்மா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கே ஆச்சரியம், நான் வாயைத் திறந்தது.

"பலம் இல்லன்னு சொல்ல முடியாது பாட்டி, அடங்கி இருக்கும்" என்றது அந்தப் பெண். பொறுமையாக விளக்கியது. பெரியவர்களின் அணுக்கள் ஏற்கெனவே பல கிருமிகளைப் பார்த்துப் பழகியவை. ஒன்றைக் கண்டதும் கூச்சல் போட்டு மற்றவற்றைக் கூப்பிடும். அந்தக் கூச்சலில்தான் உடம்பு சுடுகிறது. குழந்தையின் அணுக்கள் பத்து மாதம் இன்னொருத்தியின் உடம்புக்குள் இருந்தவை. அங்கே சண்டை போட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அதனால் அடங்கி இருக்கவே பழகியவை. பிறந்த பிறகும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். வயிற்றில் நல்ல கிருமிகள் வந்து குடியேற அந்த அடக்கம் வேண்டியிருக்கிறதாம். அதுவரை தாயின் ரத்தத்திலிருந்தும் சீம்பாலிலிருந்தும் வந்த இரவல் காவல்தான் துணை. அந்தச் சமயம் பார்த்துக் கெட்ட கிருமி நுழைந்தால் கூச்சலும் இல்லை, சூடும் இல்லை.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆறிய தண்ணீரில் ஒன்றும் நடக்காது என்பதுதான் அக்காவின் படிப்பு. பட்டுக்கு அது சரி. என் முதல் மகளின் உடம்பில் சூடில்லாமலே எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. அது தெருவில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லாத விஷயம், ஒருத்தி மட்டும் சுமக்க வேண்டியதில்லை என்று அக்காவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. மாமா அதற்கும் முன்பே போய்விட்டார்.

அவர்கள் இருவரும் இருந்த காலத்தில், எழுபதுகளின் நடுவில், எனக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள். அக்கா வழக்கம்போலச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "பால் குடிச்சாளா?" என்றார். குடித்தாள் என்றேன். போகத் திரும்பினார். நான் எழுந்து வாசலுக்குப் போய் அவர் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அப்படியெல்லாம் நான் யாரையும் இழுத்தவள் இல்லை. அவர் திகைத்துப்போய் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் எழுவதற்குள் குழந்தையை அவர் மடியில் கிடத்தினேன்.

இரண்டு கைகளும் சட்டென்று மேலே போயின. சாயம் ஈரமாக இருக்கும்போது எதிலும் பட்டுவிடாமல் தூக்கிப் பிடிப்பார்களே, அப்படி. ஆனால் அன்று கையில் ஈரம் எதுவும் இல்லை. மயில்கழுத்து நிறம் எப்போதோ காய்ந்திருந்தது.

"புடிச்சிக்கோங்கக்கா" என்றேன்.

அவர் முழங்கால்களை மெல்ல நெருக்கிக் குழந்தை உருளாமல் அணை கட்டிக்கொண்டார். முதன்முறையாக என் குழந்தை ஒன்றின் முகத்தை நன்றாகப் பார்த்தார். மூக்கு என் மாமியாரின் மூக்கு என்று சொன்னார். சிரித்தார்கூட. குழந்தை கொட்டாவி விட்டு அவர் மடியிலேயே தூங்கிப்போனாள்.

மாமா வாசல் பக்கமாக எட்டிப் பார்த்தார். "கைய எறக்கும்மே, வலிக்கப் போவுது."

"வலிச்சா வலிக்கட்டும். நீ அடுப்பப் பாரு" என்றார் அக்கா.

குழந்தை பசித்து எழுந்து அழும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "பாலுக்கு அழுவறா, நல்லது, எடுத்துக்கம்மா" என்றார். குழந்தையை நான்தான் மடியிலிருந்து எடுத்தேன்.